பெயர் ஒன்றாக இருக்கட்டும்: குடியுரிமைச் சட்டமும் நம் வீட்டு ஆவணங்களும்

 

சென்ற மாதம் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார், துணிப்பை நிறையக் காகிதங்களுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். குடும்ப அட்டையில் பாத்திமா பீவி, வாக்காளர் அட்டையில் பாத்துமா, ஆதாரில் பாத்திமுத்து. மூன்றும் அவரேதான். “நம்மையெல்லாம் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களாமே, மெய்தானா தம்பி?” என்று கேட்டார். இந்தக் கேள்வி பலருக்கும் இருப்பதால் சட்டம் சொல்வதை இங்கே விளக்குகிறேன்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், குடிமக்களாக உள்ள எவருடைய குடியுரிமையையும் பறிக்கவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 31.12.2014-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியை அது எளிதாக்குகிறது. அதற்கான விதிகள் 11.3.2024 அன்று வெளியாயின. அந்தப் பட்டியலில் முஸ்லிம்கள் இல்லை. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து நம் மாநில முகாம்களில் வாழும் தமிழர்களும் இல்லை. குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக வைத்ததே நமது ஆட்சேபம்.

அப்படியானால் அச்சம் எங்கிருந்து வருகிறது? அஸ்ஸாமில் 31.8.2019 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் சுமார் 19 லட்சம் பேரின் பெயர்கள் விடுபட்டன. அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பெயரில் எழுத்து மாற்றம், வயதில் வித்தியாசம், திருமணமான பெண் தன் தந்தையோடு உள்ள உறவை நிரூபிக்க இயலாமை போன்றவற்றால் சிக்கியவர்கள் பலர். விடுபட்டவர் மேற்சொன்ன ஆறு மதங்களில் ஒன்றைச் சேர்ந்தவரானால் திருத்தச் சட்டத்தில் ஒரு வழி தேட இடமுண்டு; முஸ்லிமுக்கு அது இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அச்சத்தின் காரணம் புரியும்.

மேலும், ஒருவர் வெளிநாட்டவரா என்ற கேள்வி எழுந்தால், ‘இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 1.9.2025 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் தொடர்கிறது.

பிறப்பால் குடியுரிமை யாருக்கு?

1. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர்: இங்கே பிறந்திருந்தால் போதும்.
2. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்: பிறந்தபோது தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.
3. 3.12.2004 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்: இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆக, நம் பிள்ளைகளின் உரிமை நம் காகிதங்களையும் சார்ந்திருக்கிறது. ஆதார் அடையாளச் சான்று மட்டுமே. குடியுரிமைச் சான்று அல்ல.

இப்போது செய்ய வேண்டியவை

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லையென்றால் உடனே சேருங்கள். ஓராண்டுக்குள் கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி அரசு வேலை வரை இந்தச் சான்றிதழே ஆதாரம்.

நிக்காஹ் தஃப்தரில் பதிவதோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்திலும் திருமணத்தைப் பதியுங்கள். பெண்ணின் பெயர், தந்தை பெயர், கணவர் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். முகமது, முகம்மது, முஹம்மது மூன்றும் நமக்கு ஒன்று. அலுவலருக்கு மூன்று பேர்.

பெற்றோரின் பழைய பள்ளிச் சான்று, நிலப் பத்திரம், பழைய வாக்காளர் பட்டியல் நகல் எதையும் எறியாதீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைத் திருத்தப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6.

அந்தத் தாயார் முதல் பிரிவில் வருபவர். ஆனால் பள்ளிக்குப் போனதில்லை, பிறப்புச் சான்றும் இல்லை. அவருடைய தந்தையின் பெயருள்ள பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து, மூன்று பெயர்களையும் ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அச்சத்தில் நாள் கழிப்பதைவிட, அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது. எழுத, விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தச் சமயத்தவரானாலும் உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்