மரமும் கம்பியும் – 11: ஒரு கிலோமீட்டர் செம்பு

மின்கிட்டாருக்கான பலகையை அறுத்துக் குடைந்து, நெக்கை நான்கு திருகில் மாட்டிய இடத்தில் போன வாரம் நின்றோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் நெக்கின் குறுக்கே பதிந்த பிரெட் கம்பிகளைத் தேய்ப்பது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அரமும் உப்புத்தாளும் மேஜைக்கு வந்தும் விட்டன. அதற்குள் வேலூரிலிருந்து ஒரு வாசகரின் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். எனக்கோ அந்தக் கடிதத்தை விட்டு மனசு நகரவில்லை.

அவர் எழுதியது இவ்வளவுதான்: "ஸ்ட்ராட் வகை பிக்கப் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 6.0 கிலோ ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. மத்தியானம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 6.4 காட்டுகிறது. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?"

போலியெல்லாம் இல்லை ஐயா, அது உங்கள் ஊர் வெயில். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் (காயில்). செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். பெட்டியில் உள்ள எண் 20 டிகிரி அறையில் அளந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடி அறை சித்திரை மத்தியானத்தில் 38 டிகிரி. வித்தியாசம் 18 டிகிரி. தடை 7 சதவீதம் ஏறும். 6000 ஓம் 6420 ஆகிவிடும். அதே பிக்கப்பை மார்கழி விடியலில் எடுத்து அளந்து பாருங்கள், 6.0 பக்கம் இறங்கி நிற்கும். பிக்கப்பின் ஒரு சுற்றுகூட மாறியிருக்காது. கிட்டாரின் குரலும் மாறியிருக்காது.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் அடுத்த கணக்கு தானாக வந்து விழுந்தது. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் கிட்டார் பிக்கப்பில் சுற்றும் கம்பி அமெரிக்க அளவில் 42 கேஜ். அதாவது 0.063 மில்லிமீட்டர், பலருடைய தலைமுடியைவிட மெல்லிசு. அந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம் தடை காட்டும். 6000 ஓமை 5.4-ஆல் வகுங்கள். 1100 மீட்டர்! கட்டைவிரல் பருமனும் ஆள்காட்டி விரல் நீளமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் பாபினுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செம்புக் கம்பி உட்கார்ந்திருக்கிறது. எடை போட்டால் 30 கிராம் சொச்சம். ஒரு ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப். தோளில் மாட்டி வாசிக்கிறவர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கம்பியைச் சுமந்துகொண்டு வாசிக்கிறார். சட்டத்தின் மேல் நாம் பார்க்கிற ஆறு தந்தியும் சேர்ந்து ஆறு மீட்டர்கூட வராது.

இத்தனை கம்பி எதற்கு என்றால், தந்தியிலிருந்து கிடைக்கிற விசை அத்தனை சொற்பம். பாபினுக்குள் நிற்கும் ஆறு காந்தத் துண்டுகள் மேலே ஓடும் இரும்புத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்கிவிடுகின்றன. தந்தி அதிர்ந்தால் காயிலுக்குள் காந்தப் புலம் கூடிக் குறையும். கூடிக் குறைந்தால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான். ஒரு சுற்றில் பிறப்பது ஒன்றுக்கும் உதவாத அளவு. 8000 சுற்று சேர்ந்தால்தான் ஆம்ப்ளிஃபையர் காதில் விழும்.

கம்பி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 42 கேஜ் என்றிருப்பது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர்க் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. 42 என்று கேட்டால் 0.1 மில்லிமீட்டர் கம்பியைத் தருவார்கள். அது பாபினில் பாதிச் சுற்றுக்கே நிரம்பி வழியும். நீங்கள் கேட்க வேண்டியது 46. அதிலும் 46 என்பது அமெரிக்க 42-ஐவிடத் துளி மெல்லிசு, 0.061. அதனால் அதே 8000 சுற்றுக்கு ஓம் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பயப்பட வேண்டாம்.

எங்கள் தெருமுனை மோட்டார் வைண்டிங் கடையில் போய் நின்றேன். அண்ணன் ஒரு போர்வெல் மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துக் காயில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாப்பத்தாறு கேஜ் கம்பி கிடைக்குமா?"

"நாப்பத்தாறா? சீலிங் ஃபேனுக்கே முப்பத்தாறுதான் போடுறேன் தம்பி. நாப்பத்தாறுல என்ன கட்டப் போறே?"

கிட்டார் என்றதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிலே காயில் சுற்றின காலத்தில் அவர் இவ்வளவு மெல்லிய கம்பியைத் தொட்டிருக்கிறாராம். சரக்கு வரவழைத்துத் தர ஒரு வாரம் கேட்டார். கூடவே அவர் சொன்னது எந்தப் புத்தகத்தையும்விடப் பயன்பட்டது: "ஸ்பூலை உருள விடாதே. உருண்டா நிக்கிறப்போ வெட்டி இழுக்கும், பட்டுனு போயிரும். ஸ்பூலை நிக்க வை. கம்பி தலை வழியா தானாக் கழண்டு மேல வரட்டும்."

அப்படித்தான் செய்கிறேன். ஸ்பூல் தரையில் நிற்கிறது. கம்பி மேலேறி ஒரு வளையத்தில் நுழைந்து, ஃபெல்ட் துண்டு வைத்த என் இடது கை விரலிடுக்கு வழியாகப் பாபினுக்குப் போகிறது. பாபினைச் சுழற்றுவது தையல் மெஷின் மோட்டார். கால் மிதியை அழுத்த அழுத்த வேகம் கூடும். பாபினுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை, பக்கத்தில் மேஜை விளக்கு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கம்பி கண்ணுக்கே தெரியாது. இருந்தால், ஒரு செந்நிறக் கோடு இடமும் வலமும் ஓடுவது தெரியும். அந்த ஓட்டம்தான் வேலையே. நடுவில் கூடுதல் நேரம் நின்றுவிட்டால் காயில் தொப்பை போடும். ஓரங்களுக்கு நின்று கொடுத்துவிட்டு வர வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கம்பி நீண்டு இன்னும் மெலியும், அல்லது அறுந்தே போகும். தளர்த்திப் பிடித்தால் காயில் பஞ்சுபோல் ஆகி, பின்னால் மேடையில் ஊளையிடும். அறுந்தால் சத்தமே கேட்காது. விரலுக்கு மட்டும்தான் தெரியும். உடனே மிதியை விட்டுவிட்டு, இரண்டு முனையின் எனாமலையும் நுண்ணிய உப்புத்தாளில் இழுத்து, முறுக்கி, ஈயம் தொட்டு வைத்துத் தொடரலாம். ஒட்டுப் போட்ட காயிலின் குரலில் குறை எதுவும் வராது.

சுற்று எண்ண ஒரு பழைய உத்தி இருக்கிறது. சுழலும் தண்டில் ஒரு குட்டிக் காந்தம், எதிரே ஒரு ரீட் ஸ்விட்ச். அதன் இரண்டு வயரையும் ஒரு மலிவு கால்குலேட்டரின் "=" பொத்தானுக்கு அடியில் பற்றவைத்துவிடுங்கள். 1 + 1 அழுத்திவிட்டு மெஷினை ஓட விட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் கால்குலேட்டர் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும். ரொம்ப வேகமாக விடாதீர்கள், எண்ணுவதில் தப்பிவிடும்.

வீட்டு மெஷினில் காயில் சுற்றுவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். மின்கிட்டாரே அப்படித்தான் பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போஷாம்ப், ஹவாய் பாணியில் கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பவர், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்த ஆராய்ச்சியைச் செய்தார். நண்பர் பால் பார்த் என்பவரும் கூட இருந்தார். காயில் சுற்ற போஷாம்ப் பயன்படுத்தியது வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார். அந்த பிக்கப்பில் தந்திகள் இரண்டு லாட வடிவக் காந்தங்களுக்கு நடுவே புகுந்து போகும். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிக்கு ஜனங்கள் வைத்த பெயர் "ஃப்ரையிங் பேன்". வட்டமான உடம்பு, நீளமான கைப்பிடி. வேறு பெயர் வைத்திருக்கவே முடியாது. காப்புரிமை அலுவலகம் இது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று சந்தேகப்பட்டது. வாசிப்பவர்களை வாஷிங்டனுக்கே அனுப்பி வாசித்துக் காட்டினார்கள். உரிமை கிடைத்தது 1937-ல். அதற்குள் அந்த யோசனையைப் பலரும் எடுத்தாளத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று பிக்கப் உலகில் பெரிய பெயரான சீமோர் டங்கன் இளம் வயதில் பிக்கப் சுற்றியது ரெக்கார்டு பிளேயரில். அதைப் படித்ததும் நான் ஒரு கணக்குப் போட்டேன். 33⅓ வேகத்தில் இசைத்தட்டு மேஜை சுழன்றால், 8000 சுற்றுக்குச் சரியாக நான்கு மணி நேரம் ஆகும். 78 வேகத்தில் விட்டால் 1 மணி 43 நிமிடம். வீட்டில் பழைய பிளேயர் பரணில் கிடக்கிறவர்கள் இறக்கிப் பாருங்கள்.

ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண்மணியையும் சொல்லாமல் விட மாட்டேன். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே இருந்தவர். கம்பியை விரலால் வழிநடத்திச் சுற்றி, பிக்கப்பின் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதிவைப்பார். அந்த எழுத்துகளுக்காகவே இன்று கிட்டார்களைத் தேடி வாங்குகிறார்கள். கைச்சுற்றில் கம்பி ஒரு சீராகப் படியாமல் குறுக்கும் நெடுக்குமாக விழும். அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டி உரசாததால் காயிலுக்குள் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் குறையும். உச்ச சுரங்கள் கூடுதலாகத் தப்பி வெளியே வரும். கிப்ஸன் கம்பெனியின் காலமஸூ தொழிற்சாலையில் 1950-களில் சுற்றிய ஹம்பக்கர்களிலும் சுற்றுக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சேத் லவர் வடிவமைத்த அந்த இரட்டைக் காயில் பிக்கப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலூர்க்காரருக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அவருடைய கேள்விக்கு அடியில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது: ஓம் கூடினால் பிக்கப் வலுவானது என்பது. கடைக்காரர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரை எடுங்கள். அதன் நெக் பிக்கப்பை இன்னும் மெல்லிய 43 கேஜில் சுற்றுவார்கள். மீட்டரில் 7.5 கிலோ ஓமுக்கு மேல் காட்டும், பல நேரம் பிரிட்ஜ் பிக்கப்பைவிடக் கூடுதலாகவே. ஆனால் வெட்டிப் பாய்வது பிரிட்ஜ் பிக்கப். நெக் பிக்கப் மென்மையாகத்தான் பேசும். கம்பி மெலிந்தால் ஓம் ஏறும். அதனால் வலு ஏறிவிடாது.

குரலைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை சுற்றின் எண்ணிக்கை, காந்தம், தந்திக்கும் அதற்கும் உள்ள தூரம், காயிலின் வடிவம். சுற்று கூடினால் இண்டக்டன்ஸ் அதன் வர்க்கத்தில் கூடும். 8000-ஐ 8800 ஆக்கினால், அதாவது பத்து சதவீதம் கூட்டினால், இண்டக்டன்ஸ் 21 சதவீதம் ஏறும். இந்த இண்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான் எந்த இடத்தில் ஒலி எடுப்பாக நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஸ்ட்ராட்டுக்கு ஒரு சாதாரண கேபிளில் அது 4000 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். சுற்றைக் கூட்டினால் அந்த இடம் கீழே இறங்கும், குரல் தடிக்கும். ஆறு மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு மூன்று மீட்டர் மாட்டினால் மேலே ஏறும். பிக்கப்பை மாற்றக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

சுற்றி முடித்த காயிலை அப்படியே மாட்டக்கூடாது. உள்ளே தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து ஊளையிடாமல் இருக்க மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலை இறக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். குமிழி நின்றதும் எடுத்துத் துடைத்துவிடலாம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் கோடு போட்ட கிட்டாருக்கு, பழைய கிப்ஸனிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை இப்படித்தான் மெழுகில் முக்கினார். சூடு மிஞ்சினால் பாபின் உருகிவிடும் என்பதை அவரும் பிக்கப்புகளைப் பறிகொடுத்தே கற்றார். இன்னொரு ராக் கிட்டார் கலைஞரான பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து கட்டத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாருக்கு முதலில் பிக்கப்பையும் கையாலேயே செய்தார். தந்தியை வளைக்கும்போது அதில் ஒரு கரகரப்பு வந்ததால், பர்ன்ஸ் கம்பெனியின் ட்ரை-ஸோனிக் மூன்றை வாங்கி மாட்டினார். அவற்றை மெழுகுக்குப் பதில் அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார். அது ஒரு வழிப்பாதை. உள்ளே கம்பி அறுந்தால் திறக்க முடியாது. முதல் முறை சுற்றுகிறவர்களுக்கு மெழுகே போதும்.

46 கேஜில் 100 கிராம் ஸ்பூல் வாங்கினால் கணக்குப்படி மூன்று பிக்கப் வரும். அறுந்து வீணாவதையும் சேர்த்து 150 கிராமாக வாங்கிவிடுங்கள்.

அடுத்த வாரம் பிரெட்தான். நீள ஸ்டீல் ஸ்கேல், மார்க்கர் பேனா, தட்டை அரம், முக்கோண அரம், மாஸ்கிங் டேப், 320 முதல் 2000 வரை உப்புத்தாள் எல்லாம் எடுத்து வையுங்கள். முக்கோண அரத்தின் ஒரு விளிம்பை மட்டும் சாணையில் மழுக்கிக்கொள்ள வேண்டும். அந்த விளிம்பு மரத்தின் மேல் ஓடும்.