ஒலிநாடாவில் உறங்கும் குரல்

கைப்பேசி பரவுவதற்கு முன்னர், பிழைப்புக்காக வெளியூர் சென்ற தமிழர் சிலர் கடிதத்துக்கு மாற்றாகக் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து வீட்டுக்கு அனுப்பினர். வீட்டிலிருந்தும் அவ்வாறே குரல்கள் வந்தன. எழுதப் படிக்க அறியாத பாட்டியும் பேசலாம் அல்லவா? அத்தகைய கேசட்டுகள் மும்பையிலும் தில்லியிலும் சில வீட்டுப் பரண்களில் இன்றும் இருக்கக்கூடும். அக்குரலுக்கு வேறு படி கிடையாது. எனவே, பழுதான கருவியில் அதனை இட்டுப் பார்ப்பது கூடாது. போனாலும் வருந்தத் தேவையில்லாத வேறொரு கேசட்டைக் கொண்டே கருவியைச் சோதிக்க வேண்டும்.

சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் வெளியிட்ட வாக்மேன், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கத்தைப் பரப்பியது. அதன் உள்ளமைப்பு எளியது. மின்கலங்கள் சிறு மோட்டாரைச் சுழற்றுகின்றன. அச்சுழற்சியை ஓர் இரப்பர்ப் பட்டை கனமான சக்கரத்துக்குக் கொண்டுசெல்கிறது. சக்கரத்தின் எஃகுத் தண்டும், அதனை அழுத்தும் இரப்பர் உருளையும் நாடாவைப் பிடித்து, வினாடிக்கு ஏறத்தாழ 4.76 செ.மீ. வேகத்தில் இழுக்கின்றன. நாடா ‘ஹெட்’ எனப்படும் காந்தமுனையை உரசிச் செல்கையில், அதில் பதிந்த காந்தக் குறிகள் மின்குறிகளாகிப் பின் ஒலியாகின்றன.

கருவி அசையவே இல்லையெனில், முதலில் மின்கல அறையைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்த மின்கலம் கசிந்து, உலோக முனைகளில் வெண்மையாகப் படிந்திருக்கும். ஆல்கலைன் மின்கலத்தின் கசிவு காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறு தோய்த்த பஞ்சால் அதனைத் துடைத்து நன்கு உலர்த்தலாம். கையுறை அணிவதும் பெரியவர் ஒருவர் உடனிருப்பதும் இன்றியமையாதவை.

மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் நாடா நகராவிட்டால், குற்றம் பெரும்பாலும் பட்டையினுடையது. பழைய இரப்பர் தளர்ந்துவிடும்; சில கருவிகளில் தாரைப் போல் உருகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொள்ளும். அதனைச் சுரண்டித் துடைத்த பின்னரே புதிய பட்டையை மாட்ட வேண்டும். பழைய பட்டை நீண்டிருக்குமாதலால், அதனையே அளவாகக் கொள்வது தவறு. சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பட்டையை வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு, மும்பை லேமிங்டன் சாலை போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம்.

யாவரும் அஞ்சும் பழுது, கருவி நாடாவைத் ‘தின்பது’. தண்டும் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதனைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய சுழலி நின்றுவிடுகிறது. போக்கிடமற்ற நாடா உருளையில் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. அப்போது வெடுக்கென இழுத்தால் நாடா அறுந்துவிடும். கருவியை நிறுத்தி, மெல்ல விடுவித்து, கேசட்டின் துளையில் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அறுந்த நாடாவைச் சாதாரண ஒட்டுநாடாவால் இணைத்தல் ஆகாது. அதன் பசை கசிந்து காந்தமுனையில் ஒட்டும்.

ஒலி மங்கினால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் காந்தமுனையைத் துடைத்தால் பழுப்பு அழுக்கு வரும். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பர். இங்கோ கூடமே கோணலாக இருப்பதும் உண்டு! கேசட்டினுள் நாடாவைக் காந்தமுனையோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால், நல்ல கருவியிலும் ஒலி மங்கும். வேறு கேசட் தெளிவாக ஒலித்தால் கருவியின்மேல் பழியில்லை.

கருவி சீரான பின், குரல் பதிந்த கேசட்டின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் ஒடித்துவிடுதல் நன்று; பிறகு பதிவுக்கருவியில் இட்டாலும் அதன்மேல் வேறொன்று பதியாது. முதன்முறை ஒலிக்கவிடும்போதே ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி இணைத்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய நாடா மறுமுறையும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.