ஊத மறுப்பதும் குற்றமே

கலியாண வீட்டிலிருந்து திரும்புகையில் பொலிஸார் மறித்து ஊதச் சொன்னால், மறுத்துவிடுவதே பாதுகாப்பு என எம்மவர் சிலர் எண்ணுகின்றனர். கனடாவில் அது பெருந்தவறு. 2018 டிசெம்பர் 18 முதல், சட்டப்படி மறிக்கப்பட்ட எந்தச் சாரதியையும், குடித்தாரென்ற சந்தேகம் இல்லாமலேயே, கையிலுள்ள கருவியில் ஊதுமாறு பொலிஸார் பணிக்கலாம். வீதியோரத்தில் சட்டத்தரணிக்காகக் காத்திருக்க இடமில்லை. தக்க காரணமின்றி மறுத்தால் ஆகக்குறைந்த அபராதம் 2000 டொலர். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவோடு பிடிபட்டவருக்கோ அது 1000 டொலரிலேயே தொடங்குகிறது!

கைதான பின் நிலைமை வேறு. பொலிஸ் நிலையத்தில் மீண்டும் ஊதுமுன், சட்டத்தரணியுடன் தொலைபேசியில் தனிமையில் பேசும் உரிமை உண்டு. மொழி விளங்காவிடில் உடனே சொல்லிவிட வேண்டும். வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது எமது பழைய வியாதி.

விபத்தின் பின் பயந்து ஓடுவதும் தனிக்குற்றமே.

அபராதத்தோடு முடிந்ததென்று இருந்துவிடவும் முடியாது. 2018இல் இக்குற்றங்களின் உச்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டதால், குடிவரவுச் சட்டம் இவற்றைப் பாரதூரமான குற்றங்களாகவே கொள்கிறது. சிறை செல்லாதவரும் நிரந்தர வதிவிடத்தை இழக்கலாம். அகதிக் கோரிக்கை விசாரணைக்கே தகுதியற்றுப் போகலாம். நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன், குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.