பண் என்னும் சொல்

வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பாட்டுப் பயிலும் சிறுவர் சிறுமியர் பலர். ‘ராகம் என்பதற்கு என்ன பொருள்?’ என்று அவர்கள் வினவினால், அண்டை வீட்டார் பேசும் இந்தியைக் கொண்டே விடை கூறிவிடலாம். வண்ணத்தைக் குறிக்கும் ‘ரங்’ என்னும் சொல்லும் ‘ராகம்’ என்பதும் ஒரே வடமொழி வேரில் கிளைத்தவை. நிறமேற்றுதல், மகிழ்வித்தல் என்பன அவ்வேரின் பொருள்கள். கேட்போர் உள்ளத்திற்கு வண்ணம் ஊட்டுவது ராகம்.

‘அப்படியாயின், பண் என்பது?’ என்று அக்குழந்தையே மீண்டும் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்?

அவ்விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ‘சமையல் பண்ணு, வேலை பண்ணு’ என்று நாள்தோறும் வழங்குகிறோமே, அந்த வினைச்சொல்லோடுதான் பண்ணை இணைத்துக் காட்டுகிறது பழைய உரை. நெஞ்சு, மிடறு, நாக்கு, மூக்கு, அண்ணாக்கு, உதடு, பல், தலை என்னும் எட்டு இடங்களிலும், எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என்னும் எட்டுத் தொழில்களாலும் பண்ணப்படுவதால் அது ‘பண்’ ஆயிற்று என்பது சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையில் காணும் விளக்கம். பாவோடு சேர்வதால் ‘இசை’ என்று பெயர் பெற்றது என்றும் அங்கே காண்கிறோம். இசைதல் என்றால் பொருந்துதல். ‘திருமணத்திற்கு இசைந்தார்’ என்று இன்றும் சொல்கிறோம் அன்றோ? கானல்வரியில் யாழ் மீட்டும் தொழில்கள் எட்டினை எண்ணுமிடத்தும் முதலில் நிற்பது ‘பண்ணல்’ என்பதே.

ஆக, ராகம் என்னும் பெயர் கேட்பவர் அடையும் இன்பத்தைச் சுட்டுகிறது. பண் என்னும் பெயர் பாடுபவர் மேற்கொள்ளும் உழைப்பைச் சுட்டுகிறது. இரண்டினுள் உயர்வு தாழ்வு காண வேண்டுவதில்லை. சம்பந்தரின் முதற்பதிகத்துக்குரிய பண் நட்டபாடை. அதனை ஓதுவார்கள் இன்று கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகின்றனர். ஒரே பாட்டில் இரு பெயர்களும் இணங்கி வாழ்கின்றன.

ஆயினும் ஒரு பெயரை மட்டுமே அறிந்து நம் மக்கள் வளர்வது முறையாகுமா? பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத குழந்தைக்கும் ‘பண்ணு’ என்னும் சொல் தெரியும். பேச்சு வழக்கென்று நாம் எளிதாக எண்ணும் அச்சொல்லே பழந்தமிழ் இசைக்கு ஒரு திறவுகோல். அதனை அக்குழந்தையின் கையில் கொடுப்பது பெற்றோராகிய நம் கடமை. இன்று மாலை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் சொல்லிப் பாருங்கள்: ‘நீ இவ்வளவு நேரம் பாடினாயே, அது நீயே பண்ணியது, அதனால்தான் அதற்குப் பண் என்று பெயர்.’