தோல் பதனிட்ட கரங்கள்

திண்டுக்கல் என்றதும் வெளியூரார் நினைவில் எழுவன பூட்டும் மலைக்கோட்டையுமே. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டைப் பற்றிப் பெருமையோடு பேசும் நாம், இவ்வூரின் மற்றொரு பழந்தொழிலான தோல் பதனிடுதலைப் பற்றி அத்துணை உரக்கப் பேசுவதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் மயிரையும் சதையையும் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்தும் அவ்வேலையின் வாடை, உழைப்பவரின் உடையோடு வீடுவரை வரும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அதே தொட்டியிலிருந்துதான் வந்தது.

அப்பிள்ளைகளுள் ஒருவர் பெருநகரில் நல்ல பதவியில் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். உயர்நிலையினர் கூடிய விருந்தொன்றில், "அத்தா என்ன செய்கிறார்?" என ஒருவர் கேட்கிறார். "லெதர் பிசினஸ்" என்று விடை வருகிறது. முழுப் பொய்யன்று, ஆயினும் தொட்டியருகே நிற்பவரை மறைத்துவிடும் சொல். இதனினும் நோவு தருவது, மகன் வாய்திறந்து கூறாமலே அத்தா அதனை உணர்ந்து, அவனுடைய நண்பர்கள் வரும்போது கொல்லைப்புறம் ஒதுங்கிக்கொள்வதாகும்.

இந்நாணம் எங்கிருந்து வந்தது? மார்க்கத்திலிருந்து வந்ததன்று. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் அப்துல் முத்தலிபின் மகள்வழிப் பேத்தி, குலத்தால் உயர்ந்தவர். அவர்கள் தம் கையாலேயே தோல் பதனிட்டதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. அவ்வாறு உழைத்து ஈட்டியதை அவர்கள் தருமம் செய்ததாகவும் அறிவிப்புகள் உண்டு. நாம் மறைக்க முயலும் தொழில் நபிகளாரின் இல்லத்திலேயே நடந்திருக்கிறது.

எனினும் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. திருமணப் பொருத்தம் பற்றிப் பேசும் நம் பிக்ஹு நூல்கள் தொழிலையும் கணக்கில் கொள்கின்றன. மர்கீனானி (இறப்பு: ஹி. 593 / கி.பி. 1197) அவர்களின் 'ஹிதாயா'வில், மிகத் தாழ்வாகக் கருதப்பட்ட தொழில்களுக்கு எடுத்துக்காட்டாக இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர் ஆகியோருடன் தோல் பதனிடுபவரும் கூறப்படுகிறார். ஆனால் அங்குக் காட்டப்படும் காரணத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும்: மக்கள் உயர்ந்த தொழிலால் பெருமை கொள்கின்றனர்; தாழ்ந்த தொழிலால் நாணுகின்றனர் என்பதே அது. அல்லாஹ்விடத்தில் எவர் உயர்ந்தவர் என்பதன்று அங்குள்ள பேச்சு. மக்களின் வழக்கம் பற்றியதே. தொழில் ஒருவரோடு நிலைத்திருப்பதன்று, அதைவிட்டு வேறொன்றுக்கு மாறலாம் என்னும் மறுவாதமும் அதே பக்கத்தில் உண்டு. வழக்கத்தால் வந்தது வழக்கம் மாறினால் போகும்.

அறிஞர்களின் பெயர்களே இதற்குச் சான்று. ஹனஃபீ சட்ட மேதை அல்கஸ்ஸாஃப் (இறப்பு: ஹி. 261) காலணி தைத்து உண்டவர், அப்பெயரின் பொருளும் அதுவே. ஷாஃபிஈ மத்ஹபின் குராசான் மரபுக்குத் தலைவராய் விளங்கிய அல்கஃப்ஃபால் அல்மர்வஸீ (இறப்பு: ஹி. 417 / கி.பி. 1026) ஏறத்தாழ முப்பது வயதுவரை பூட்டுச் செய்தவர், கஃப்ஃபால் என்றாலே பூட்டுத் தொழிலாளி. கல்வியில் உச்சியை எட்டிய பின்னரும் அப்பெயர் அவரைவிட்டு நீங்கவில்லை. திண்டுக்கல் பட்டறையிலிருந்து ஓர் இமாம் எழுந்தது போன்றது அது.

ஆகவே, நாணும் இளைஞரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. சம்பந்தம் பேச அமர்ந்ததும் முதல் வினாவாகத் தொழிலைக் கேட்பவர்கள் நாமே. மேடையில் செல்வந்தருக்கு நாற்காலி இட்டு, அவர் தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவரை வாயிற்புறம் நிறுத்துபவர்களும் நாமே. பிள்ளை அந்தப் பாடத்தை நம்மிடமே கற்றான். அடுத்த நிகாஹ் சபையில் அந்த அத்தாவின் கரத்தைப் பற்றி முன்வரிசைக்கு அழைத்து வருவோமாயின், "என் அத்தா தோல் பதனிடுபவர்" என்று சொல்ல மகனுக்கும் நா எழும்.