மத்யன் கிணற்றடியும் கலாப்ரியத் தோட்டமும்

இத்தாலி நாட்டின் தென்கோடியில் கலாப்ரியா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே ரொசார்னோ, சான் ஃபெர்தினாந்தோ ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில், குளிர்காலம் வந்தால் ஆரஞ்சுக் கனிகள் குலுங்கும். அவற்றைப் பறிப்போரில் அநேகர் மாலி, செனகல், காம்பியா முதலிய நாடுகளிலிருந்து ஸஹாராப் பாலையையும், லிபியாவின் கொடுமைகளையும், மத்தியதரைக் கடலையும் கடந்து வந்த வாலிபர்கள். கலிமாச் சொன்னவர்கள் அவர்களில் பலர்.

விடியுமுன் சாலையோரம் நிற்க வேண்டும். 'கப்பொராலே' எனப்படும் கங்காணி வண்டியில் வந்து, தனக்கு வேண்டியவர்களை ஏற்றிச் செல்வான். 2010இல் நாட்கூலி 20 முதல் 25 யூரோ; அதிலும் வண்டிச் சத்தமென்று ஒரு பகுதி அவனுக்கு. கங்காணியோடு தோட்டக்காரரையும் தண்டிக்கும் சட்டம் 2016இல் வந்தது. சாலையோரக் காத்திருப்போ ஒழிந்தபாடில்லை.

உறைவிடம் மரச்சட்டமும் பிளாஸ்டிக் விரிப்புமே. 2018 ஜனவரியில் சான் ஃபெர்தினாந்தோ குடிசைகளில் தீப்பற்றி, நைஜீரியப் பெண்ணொருத்தி மாண்டாள். அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள், மாலி நாட்டு வாலிபர் ஒருவர், வயது 29, குடிசைக்குத் தகரம் சேகரிக்க, கைவிடப்பட்ட செங்கல் ஆலைக்கு இரு தோழர்களுடன் சென்றார். தொலைவிலிருந்து சுடப்பட்ட குண்டு அவர் தலையில் பாய்ந்தது. முறையான அனுமதிச் சீட்டுடன் வாழ்ந்தவர். தொழிற்சங்கத்தில் நின்று சகக் கூலிகளுக்காகப் பேசியவர்.

இதைப் படிக்கையில் சூரத்துல் கஸஸ் நினைவுக்கு வராமலிருக்குமா? மிஸ்ரும் ஆப்பிரிக்க மண்தானே! அங்கிருந்து உயிருக்கஞ்சி வந்த ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள், மத்யன் கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். தம் தேவையை ரப்பிடம் முறையிட்டார்களேயன்றி, எவரிடமும் கூலி கேட்கவில்லை. ஆயினும் அப்பெண்களின் தந்தை (ஷுஐப் நபி என்பர் பலர், மாற்றுக் கருத்தும் உண்டு) மகளை அனுப்பி அழைத்தது எதற்காக? நீர் புகட்டியதற்குக் கூலி கொடுப்பதற்காக! வந்தவரின் வரலாற்றைக் கேட்டார். அஞ்ச வேண்டாமென்று தேற்றினார். அதன் பின்னரே வேலைப் பேச்சு. தவணை எட்டாண்டு, பத்தாக்குவது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றெல்லாம் முதலிலேயே தெளிவாக்கிவிட்டார்.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் அறிவித்ததை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அக்கூலியாள் எந்நாட்டவர், எந்தச் சீட்டு வைத்திருப்பவர் என்ற பேச்சே அதில் இல்லை.

2019 மார்ச்சில் அக்குடிசைகளை இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. அருகிலேயே கூடாரங்கள் இருந்தன. அடுத்த குளிர்காலத்திலும் ஆரஞ்சு பறிக்க ஆட்கள் தேவைப்பட்டனர்.