மருந்து சமைக்கும் மதுவமும் சந்தையின் கணக்கும்

மலேரியாக் காய்ச்சலின் குளிரையும் நடுக்கத்தையும் வன்னி மண்ணில் வாழ்ந்தோர்க்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குளோரோகுயின் குளிகையின் கசப்பு இன்றும் பலரது நினைவில் இருக்கும். நுளம்பு கடிக்கையில் இரத்தத்திற் புகும் ஒட்டுண்ணியே இந்நோய்க்குக் காரணம். அவ்வொட்டுண்ணி பழைய குளிகைகளுக்குப் பணிய மறுத்தபோது மருத்துவ உலகுக்குக் கைகொடுத்தது ஒரு சீனச் செடி. ஆர்ட்டிமீசியா என்னும் அச்செடியிலிருந்து 1972 இல் து யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அதற்காக 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் செடியை நம்பிய மருந்து பருவத்தையும் நம்பியே இருக்கவேண்டும். நடுகை தொடங்கி மருந்தாகும்வரை ஓராண்டுக்கு மேல் ஆகும். விளைச்சல் மிகுந்தால் விலை வீழ்கிறது. கமக்காரர் வேறு பயிருக்குச் செல்கின்றனர். பின்னர் தட்டுப்பாடு வருகிறது.

இவ்விடரை நீக்க முனைந்தவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே கீஸ்லிங். அவர் தெரிந்தெடுத்த கருவி, பாணையும் கள்ளிட்ட அப்பமாவையும் பொங்கவைக்கும் மதுவம், அதாவது ஈஸ்ட். இயல்பாக அது சீனியை உண்டு மதுசாரத்தையும் வாயுவையும் தரும். செடியில் மருந்தாக்கத்துக்குரிய பரம்பரையலகுகளை அதனுட் புகுத்தினால், அதே சீனியிலிருந்து ஆர்ட்டிமிசினிக் அமிலம் கிடைக்கும். 2004 இல் கேட்ஸ் மன்றம் 4 கோடியே 26 இலட்சம் டொலர் வழங்கியது. 2006 இல் முயற்சி கைகூடியது. 2013 இல் ஒரு லீற்றர் கரைசலில் 25 கிராம் அமிலம் விளைந்தது. அதனை ஒளியின் துணையுடன் மருந்தாக மாற்றும் பணியை இத்தாலியின் கரேசியோ நகரில் சனோபி நிறுவனம் தொடங்கியது.

அறிவியல் வென்ற இடத்தில் சந்தை குறுக்கிட்டது. அக்காலத்தில் செடிப் பயிர்ச்செய்கை பெருகியிருந்தது. செடியிலிருந்து பெற்ற மருந்து கிலோ 250 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. மதுவத்தின் மருந்தோ இலாபமின்றி விற்றாலும் 350 டொலருக்குக் குறையவில்லை. வாங்குவோர் மலிவானதை நாடினர். 2015 இல் ஆலையில் இம்மருந்து உற்பத்தியே நடைபெறவில்லை. 2016 இல் ஆலை கைமாறியது.

இதனை அறிவியலின் தோல்வி என நாம் கொள்ளவில்லை. விலை வீழ்ச்சியால் நோயாளர் நன்மை பெற்றனர் என்பதும் உண்மையே. ஆனால் அடுத்த தட்டுப்பாட்டுக்குக் காப்பாக அமையவிருந்த ஒரு வழி, அன்றைய விலைப் பட்டியலால் ஒதுக்கப்பட்டது. அத்தகைய காப்பைப் பேணும் பொறுப்பைச் சந்தை ஏற்பதில்லை.

மருந்து இருப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் தாயகம் அமைந்த தீவே சான்று. 1934-35 இல் அங்கு மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. 2012 இன் பின் 2016 வரை உள்ளூரிற் பரவிய நோயாளர் எவரும் இருக்கவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. போர் நடந்த பகுதிகளிலும் காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதித்து, குளிகை கொடுத்து, மருந்தூட்டிய வலை வழங்கிய சுகாதார ஊழியர்களின் உழைப்பே அதன் அடித்தளம்.

அவ்வாறான கரங்கள் எட்டாத இடங்களில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5,97,000 பேர் இந்நோயால் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள். மதுவத்தைக் கொண்டு மருந்து செய்யும் அறிவை மனிதன் பெற்றுவிட்டான். அம்மருந்தைக் கடைசிக் கிராமத்துக் குடிசைவரை கொண்டுசேர்க்கும் கடமை அரசுகளுக்கே உரியது.